புன்செய் நெல்லித் தோட்டம்: அடிநிலத்தை மூடிக் காக்கும் முறை

விருதுநகர் ஜில்லாவில் மானாவாரிப் புன்செய் வைத்திருக்கும் குடும்பங்களில் பலவற்றின் நிலைமை ஒன்றே. நிலம் இரண்டு அல்லது மூன்று ஏக்கர் இருக்கும். ஐப்பசி மழை தவறாது பெய்தால் சோளமோ, குதிரைவாலியோ, பாசிப்பயறோ, பருத்தியோ விளையும். மழை தவறினால் விதைத்த விதையும் வீடு திரும்புவதில்லை. ஆதலால் வீட்டில் உள்ளோர் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளிலுள்ள பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குக் கூலிக்குச் செல்கின்றனர். கேட்பாரற்ற நிலம் சில வருஷம் தரிசாகக் கிடக்கும்; பிறகு சீமைக்கருவேலம் ஏறிவிடும். ஆலை வேலையும் எந்நாளும் ஒரே சீராக நடப்பதன்று. தீபாவளிக்குப் பின் சில வாரங்கள் வேலை மந்தமாக இருப்பது வழக்கம். 2018-ல் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பின்னர் வேலை சுருங்கிய காலமும் உண்டு. அவ்வாறு கூலி நின்ற நாளில் குடும்பம் திரும்பிப் பார்க்கும் நிலம் ஏதேனும் ஒன்றைத் தரக்கூடியதாக இருத்தல் அவசியம்.

இத்தகைய நிலத்தில் பழமரம் வைக்கலாமா, வைத்தால் பிழைக்குமா, பிழைத்தால் பழத்தை என்ன செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கு இப்பாடம் விடை கூற முற்படுகிறது. மூன்றுக்கும் அடிப்படையான விஷயம் ஒன்று உண்டு. மரத்தின் அடிநிலம் வெயிலுக்கும் மழைக்கும் வெறுமையாகக் கிடத்தல் கூடாது என்பதே அது.

1. ஆப்பிள் தோட்டம் கற்பிக்கும் பாடம்

மேல்நாடுகளில் ஆப்பிள் பழத்தைப் பிழிந்து, அச்சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் பானத்திற்குச் சைடர் என்று பெயர். பிரான்ஸ் தேசத்தின் நார்மண்டியிலும், இங்கிலாந்தின் சாமர்செட், ஹெர்போர்டு ஜில்லாக்களிலும் இதற்கென்றே பழைய தோட்டங்கள் உள்ளன. இங்கிலாந்தில் இத்தொழிலின் அபிவிருத்திக்காக 1903-ல் பிரிஸ்டல் நகருக்கு அருகே லாங் ஆஷ்டன் என்னுமிடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையமே நிறுவப்பட்டது.

அத்தோட்டங்களின் பழைய அமைப்பு கவனிக்கத்தக்கது. மரங்கள் உயரமாக வளர்க்கப்படும். ஒரே ரகமாக இராமல் பல ரகங்கள் கலந்திருக்கும். மரத்தடி நிலத்தில் புல் மூடியிருக்கும்; அதில் ஆடும் மாடும் மேய்ந்து எருவிடும். சாறு பிழிந்த பின் எஞ்சும் சக்கை கால்நடைக்குத் தீனியாகும். சந்தையில் அடுக்கிக் காட்டும் பழத்திற்கு அழகிய தோல் வேண்டும்; பிழியும் பழத்திற்கோ அது வேண்டுவதில்லை. ஆதலால் தோலில் ஒரு புள்ளி விழுந்ததற்காக மருந்து அடிக்கும் செலவு அங்கே குறைவு. இவ்வாறு நிலத்தின் சத்தை நிலத்திற்கே திருப்பி, வருஷத்திற்கு வருஷம் மண்ணை வளமாக்கும் சாகுபடியை இக்காலத்தில் மண்வளம் மீட்கும் வேளாண்மை என்கின்றனர்.

ஆப்பிள் மரத்தையே விருதுநகரில் வைக்கலாமா எனின், கூடாது. வழக்கமான ஆப்பிள் ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் 800 முதல் 1,200 மணி நேரம் வரை குளிர் கிடைத்தல் வேண்டும். இல்லையேல் மொட்டு உறக்கம் தெளிந்து ஒழுங்காகப் பூப்பதில்லை. குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்களுக்கும் சில நூறு மணி நேரக் குளிர் அவசியம். தமிழ்நாட்டில் கொடைக்கானல் போன்ற மலைகளில் மட்டுமே ஆப்பிள் பயிராவதற்கு இதுவே காரணம். சமவெளியில் காய்க்கும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் ஆப்பிள் கன்றுகளை அங்கத்தினர்கள் கடன் வாங்கி நடுதல் தகாது.

மரம் வராவிட்டாலும் முறை வரும். அயலூர்த் தொழிலைத் தம் ஊர் வெயிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது இப்பகுதிக்குப் புதிதன்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினர். விவசாயத்திற்கு இடையூறான வறண்ட காற்றே தீக்குச்சி உலர்வதற்கு உதவிற்று. அதைப் போலவே சைடர்த் தோட்டத்தின் முறையை இவ்வூருக்கு இசைந்த மரத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

2. பெருநெல்லி ஏற்ற மரமாதல்

அத்தகைய மரம் பெருநெல்லி. இது கடுங்கோடையில் இலையை உதிர்த்து நீர்ச்செலவைச் சுருக்கிக் கொள்ளும். காய் பிடித்த பின் வெகுநாள் சிறிதாகவே ஒடுங்கியிருந்து, மழை கண்டபின் பருக்கும் இயல்பும் இதற்கு உண்டு. உவர், களர் நிலத்தை ஓரளவு தாங்கும். பழம் புளிப்பும் துவர்ப்பும் மிக்கதாகையால் பச்சையாக உண்பதைக் காட்டிலும் சாறு, பானம், ஊறுகாய், பொடி ஆகியவற்றிற்கே பெரிதும் பயன்படும். 100 கிராம் பழத்தில் பல நூறு மில்லிகிராம் வைட்டமின் சி சத்து உண்டு.

செவல் நிலமும் சரளை கலந்த நிலமும் நெல்லிக்கு உகந்தவை. ஆழமான கரிசலில் இரண்டு இடையூறுகள் உண்டு. மழைக்காலத்தில் வேரடியில் நீர் தேங்கும். கோடையில் நிலம் வெடித்து இளவேர் அறுபடும். கரிசலில் நட விரும்புவோர் தண்ணீர் வடியும் மேட்டுப் பகுதியைத் தேர்ந்து, மண்ணை அணைத்து மேடாக்கி நடுதல் வேண்டும். நெல்லிக்குப் பதிலாகச் சீத்தா மரம் வைப்போரும் இம்முறையையே கைக்கொள்ளலாம். அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.பி.கே. 1 என்னும் சீத்தா ரகம் இவ்வறண்ட நிலங்களை உத்தேசித்தே தேர்ந்தெடுக்கப்பட்டது.

3. புல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை

நார்மண்டியில் மரத்தடியில் புல் இருக்கிறதே, இங்கும் புல்லை வளர விடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு விடை இந்தியாவிலேயே பரீட்சை செய்து காணப்பட்டது. பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விவசாய விஞ்ஞானி பழமரங்களை வரிசையாக நட்டு, ஒரு பகுதியில் தரையைச் சுத்தமாக வைத்தும், மற்றொரு பகுதியில் புல்லை வளர விட்டும் பல வருஷம் கவனித்தார். புல் மூடிய பகுதியில் இளமரங்கள் மெலிந்தன. புல்லின் வேர் மண்ணின் மேற்பரப்பை அடைத்துக்கொண்டதால் மரத்தின் வேருக்கு வேண்டிய காற்றும் சத்தும் குறைந்தன. இம்முடிவுகள் 1925-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சாயின. ஹோவர்டே பின்னர் இந்தூரில் இருந்தபோது, பண்ணைக் குப்பையை அடுக்கி மக்கவைக்கும் இந்தூர் முறையை உருவாக்கி, 1931-ல் அதை நூலாக வெளியிட்டார்.

மழை அதிகமாகவும் வெயில் மிதமாகவும் உள்ள தேசத்தில் மரத்திற்கும் புல்லிற்கும் போதிய நீர் கிடைக்கும். விருதுநகரில் கிடைப்பது ஒருவருக்குப் போதுமான நீரே. ஆகவே உயிருள்ள புல்லால் மூடுதல் இங்கே பொருந்தாது. உலர்ந்த தழையால் மூடுதலே பொருந்தும். மழைக்காலத்தில் பயறுவகைப் பயிரை வளர்த்து, மழை ஓய்வதற்கு முன் அறுத்து, அவ்விடத்திலேயே பரப்பிவிட வேண்டும். பயிர் நீரைக் குடிக்கும் காலம் மழைக்காலமாகவும், மூடி நிற்கும் காலம் கோடையாகவும் அமைவதே இதன் இரகசியம்.

4. மழைக் கணக்கு

நெல்லியை 6 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி இடைவெளியில் நடுவது வழக்கம். ஏக்கருக்கு ஏறக்குறைய 110 மரம் பிடிக்கும். ஒரு மரத்திற்கு உரிய நிலம் 36 சதுர மீட்டர். ஜில்லாவில் வருஷ மழை சராசரி சுமார் 800 மில்லிமீட்டர். இவ்விரண்டையும் பெருக்கினால், ஒரு மரத்தின் பங்கில் வானம் இறக்கும் நீர் வருஷத்திற்கு 28,800 லிட்டர். இதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் இறங்குகிறது.

இளங்கன்று ஒன்றிற்கு வாரம் 15 லிட்டர் வீதம் 20 வாரம் ஊற்றினாலும் ஆவது 300 லிட்டரே. ஆகவே நீர் வராமையினும் வந்த நீர் நில்லாமையே பெருங்குறை என்பது வெளிப்படை. வெறுந்தரையில் விழும் பெருந்துளி மண்ணை அடித்து மேலே மெல்லிய ஏடு கட்டச் செய்கிறது. அவ்வேட்டின்மேல் விழும் மழை உள்ளே இறங்காமல் ஓடையை நோக்கி ஓடும்; ஓடும்போது மேல்மண்ணையும் கொண்டுபோகும். தழை மூடிய தரையில் துளியின் வேகம் தழையின்மேல் தணிந்துவிடுவதால் நீர் மெல்ல உள்ளிறங்கும். கோடையிலும் மூடிய மண் சூடேறுவது குறைவு; மண்புழுவும் நுண்ணுயிரும் அழிவதில்லை; கரிசலின் வெடிப்பும் சிறுக்கும்.

5. நடுவதற்கு முந்திய வருஷம்

மரம் நடும் வேலை நடும் நாளில் தொடங்குவதன்று. ஒரு வருஷம் முன்னரே தொடங்க வேண்டும்.

முதலாவதாக, சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றுதல் அவசியம். அடிமரத்தைக் கரிக்கு விற்கலாம். இலையும் மெல்லிய கிளையும் மூடாக்குக்கு உதவும். ஆனால் காய்களை ஒன்று விடாமல் பொறுக்கி அகற்றாவிடில், விதை முளைத்துப் பழைய தொல்லை திரும்பும். கரிமூட்டத்தில் எஞ்சும் கரித்தூளை வீசிவிடாமல், தொழுவுரத்துடன் கலந்து ஊற வைத்துக் குழியில் இடுவது நலம்.

இரண்டாவதாக, சரிவுக்குக் குறுக்கே வரப்புகளைச் சமமட்டத்தில் உயர்த்த வேண்டும். நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை ஒன்று வெட்டுதல் உத்தமம். 10 மீட்டர் நீளமும் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குட்டை, கரை சரிவின்றி இருக்குமாயின் 2,00,000 லிட்டர் கொள்ளும். கரைச் சரிவும், ஆவியும், கசிவும் அதில் நான்கில் மூன்று பங்கைக் கொண்டுபோனாலும் 50,000 லிட்டர் மிஞ்சும். ஏக்கருக்கு 110 கன்றுகள், கன்றுக்கு 300 லிட்டர் என்னும் கணக்கில் தேவை 33,000 லிட்டரே.

மூன்றாவதாக, ஐப்பசி மழையில் நிலம் முழுவதும் கொளுஞ்சி, சணப்பு, காணப்பயறு இவற்றில் கிடைத்ததை விதைத்து, பூக்கும் பருவத்தில் அறுத்துப் பரப்ப வேண்டும். இவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அடுத்த கோடையில் கீதாரிகளை அழைத்து ஆட்டுக்கிடை போடுதல் இந்த ஜில்லாவிற்குப் பழக்கமான சிறந்த முறையாகும். அறுவடை முடிந்த நிலத்தில் இரவுதோறும் ஆடுகளை அடைத்து, புழுக்கையையும் மூத்திரத்தையும் நிலத்திலேயே விழச் செய்யும் இவ்வழக்கத்திற்கு ஈடான எரு வண்டியேறி வருவதில்லை.

6. நடவும் முதல் மூன்று கோடையும்

கோடையில் 1 மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகள் வெட்டி ஆறவிட வேண்டும். மேல்மண்ணுடன் மக்கிய எருவும், கண்மாய் வண்டலும் கலந்து குழியை நிரப்பலாம். வண்டல் எடுப்பதற்கு வட்டாட்சியரின் அனுமதி பெறுதல் வேண்டும். அங்கத்தினர் தனித்தனியே அலையாமல் சங்கம் மூலமாக விண்ணப்பத்தைத் தயார் செய்தல் சிக்கனம்.

ஒட்டுக்கன்றுகளையே வாங்க வேண்டும். விதைக்கன்று காய்க்க வெகுகாலம் ஆகும். காயும் ஒரு தன்மையாய் இராது. என்.ஏ. 7, கிருஷ்ணா, காஞ்சன், சக்கையா, பி.எஸ்.ஆர். 1 ஆகியவை தமிழ்நாட்டில் பயிராகும் ரகங்கள். நெல்லியில் ஒரே ரகம் மட்டும் நின்றால் காய்ப்பிடிப்பு குறையும். ஆதலால் இரண்டு மூன்று ரகங்களை வரிசை மாற்றி நடுதல் நல்லது. முதல் நல்ல மழைக்குப் பின் நட்டு, ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கன்றின் தாழ்ந்த பக்கத்தில் பிறைநிலா வடிவமாக வரப்புக் கட்டினால் மேலிருந்து வரும் நீர் அங்கே தங்கும். தென்மேற்கில் பனையோலை ஒன்றை நட்டு மாலை வெயிலை மறைக்கலாம்.

முதல் மூன்று வருஷம் வரிசைகளுக்கு நடுவே குதிரைவாலி, பாசிப்பயறு, உளுந்து முதலியவற்றை விதைக்கலாம். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குள் எதையும் விதைத்தல் கூடாது. அறுவடையான தட்டையை விற்காமலும் கொளுத்தாமலும் கன்றடியிலேயே இட வேண்டும். ஊடுபயிரின் தானியம் வீட்டிற்கு, தட்டை மரத்திற்கு என்று பங்கிட்டுக்கொண்டால் தகராறு இல்லை.

கோடையில் வேரடியில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகி, வாரம் ஒருமுறை நிரப்பி மூடி வைத்தால் நீர் ஆவியாகாமல் வேருக்கு மட்டும் கசியும். ஆலை வேலைக்குச் செல்வோரும் ஓய்வு நாளில் இவ்வேலையை முடித்துக்கொள்ளலாம்.

7. மூடாக்கு இடுவதில் கவனிக்க வேண்டியவை

தழை, தட்டை, சருகு, தென்னை மட்டை, கடலைத் தொலி முதலிய எதுவும் மூடாக்குக்கு ஆகும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த கனத்தில், கிளை பரவும் அளவிற்குப் பரப்ப வேண்டும். மார்கழி இறுதியில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே இடுதல் அவசியம். காய்ந்த மண்ணின்மேல் இடும் மூடாக்கு வறட்சியையே காக்கும்.

கறையான் வரும் என்பது விவசாயிகளின் நியாயமான அச்சம். கறையான் பெரும்பாலும் செத்த பொருளையே தின்னும். நீரின்றி வாடிய கன்றையும் தாக்கும். தண்டிலிருந்து ஒரு சாண் தூரம் விட்டு மூடாக்கை இட்டு, குழியில் வேப்பம்பிண்ணாக்குக் கலந்தால் பெரும்பாலும் தொல்லை இராது. மாதம் ஒருமுறை தழையை நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

இந்த ஜில்லாவுக்கே உரிய எச்சரிக்கைகள் இரண்டு. ஒன்று, தீ. உலர்ந்த மூடாக்கு எளிதில் பற்றும். பட்டாசு ஆலை அல்லது கிட்டங்கிக்கு அண்டையிலுள்ள நிலத்தில் எல்லையோரமாக இரண்டு வண்டிப்பாதை அகலத்திற்குச் சருகும் புல்லும் இல்லாமல் செதுக்கி வைக்க வேண்டும். அவ்விடத்தில் மட்டும் தரை வெறுமையாக இருத்தலே தர்மம். தோட்டத்தில் சருகைக் கொளுத்துதல் அறவே கூடாது. மற்றொன்று, ஆலைக் குப்பை. பட்டாசு ஆலைகளில் ஒதுக்கப்படும் தாள், அட்டை, மருந்துத்தூள் படிந்த சாக்கு முதலியவற்றை எருக்குழியில் சேர்த்தல் கூடாது. அவற்றில் பேரியம், அலுமினியம், கந்தகம் முதலியவை ஒட்டியிருக்கக்கூடும். உராய்வினால் தீப்பற்றவும் கூடும். குழந்தைகள் கிண்டும் குப்பைக்குழியில் அவை இருத்தல் உயிருக்கே ஆபத்து. இலவசமாய்க் கிடைக்கிறதென்று ஏற்றுவரும் வண்டியைத் திருப்பி அனுப்புதலே விவேகம்.

8. மரம் வளர்ந்த பின்

ஒட்டுக்கன்று நாலாம் ஐந்தாம் வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். கிளைகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் சென்றபின், காய் பறித்து முடிந்த காலத்தில் ஆடுகளை விடலாம். அவை மழைக்குப் பின் முளைத்த களையைத் தின்று எருவிடும். நார்மண்டித் தோட்டத்தின் மாடு செய்யும் வேலையை இங்கே கிடையாடு செய்கிறது. வித்தியாசம் இதுவே: அங்கே கால்நடை எப்போதும் மேயும், இங்கே காலம் குறித்து விடப்படும்.

நுனிக்கிளையில் முடிச்சு உண்டாக்கும் பூச்சி காணப்பட்டால் முடிச்சுக்குக் கீழே வெட்டி எடுத்துத் தோட்டத்திற்கு வெளியே அழிக்க வேண்டும். பட்டை தின்னும் புழுவின் துளையைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். பழம் பிழிவதற்கே ஆதலால் தோலின் சிறு வடுவுக்கு அஞ்சி விஷமருந்து தெளித்தல் வேண்டுவதில்லை.

9. பிழிதலும் கெடாமற் காத்தலும்

பெருமழைக் காலத்தில் நெல்லி எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் முதிர்ந்து சந்தையில் குவியும், விலை இறங்கும். சிறு பழத்தை வியாபாரி ஒதுக்குவான். பிழிவதற்குச் சிறு பழமும் வடுப்பட்ட பழமும் ஆகும். அழுகிய பழம் மட்டும் ஆகாது.

ஆப்பிள் சாற்றில் சர்க்கரை மிகுதி. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுவதாலேயே அது சைடர் ஆகிறது. நெல்லிச்சாற்றில் இயற்கைச் சர்க்கரை சொற்பம். ஆயினும் சர்க்கரை சேர்த்த நெல்லிப் பானம் அசுத்தமான புட்டியில் இருந்தால் அதே நுண்ணுயிரால் நுரைத்துக் கெடும். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றிப் புளித்த மது தயாரித்தல் குற்றமாகும். ஆதலால் சங்கம் செய்யத்தக்கது புளிக்காத பானமே. புளிப்பேறாமல் தடுப்பதே அதன் தொழில் நுட்பம்.

செய்முறை பின்வருமாறு. பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் அரைத்துப் பிழிய வேண்டும். இரும்பு பட்டால் துவர்ப்புச் சத்தினால் சாறு கறுக்கும். செம்பு பட்டால் வைட்டமின் சி அழியும். சாறு 1 கிலோவுக்குச் சர்க்கரை 1 கிலோ 750 கிராம், தண்ணீர் 1 கிலோ 200 கிராம், சிட்ரிக் அமிலம் 20 கிராம் என்னும் அளவு தகும். சர்க்கரை, தண்ணீர், அமிலம் மூன்றையும் காய்ச்சி வடிகட்டி, ஆறிய பின்னரே சாற்றைக் கலக்க வேண்டும். இந்த அளவில் கிடைக்கும் ஏறக்குறைய 4 கிலோ பானத்தில் நாலில் ஒரு பங்கு பழச்சாறாகவும், இனிப்பு 40 சதவிகிதத்திற்கு மேலாகவும் இருக்கும். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 2 கிராமைச் சிறிது வெந்நீரில் கரைத்துச் சேர்த்து, கொதிநீரில் சுத்தம் செய்த புட்டியில் அடைக்க வேண்டும். மருந்தைக் கண்ணளவால் இடாமல் நிறுத்தே இட வேண்டும். குடிக்கும்போது ஒரு பங்கு பானத்திற்கு மூன்று பங்கு குளிர்ந்த நீர் சேர்க்கலாம். விற்பனைக்குச் செய்வோர் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும்.

பிழிந்த சக்கையை உலர்த்திப் பொடியாக்கலாம். மீதி எருக்குழிக்குப் போய், அங்கிருந்து மரத்தடிக்குத் திரும்ப வேண்டும்.

10. சங்கத்தின் பொறுப்பு

பழமரக் கடனில் உள்ள அபாயத்தை மறைத்தல் நியாயமன்று. முதல் நான்கு வருஷம் மரத்தால் வரும்படி இல்லை. மூன்றாவது கோடையில் மழை பொய்த்து, காவலும் இல்லையேல் கன்று பட்டுப்போகும். மரம் பட்டுப்போகலாம், கடன் பட்டுப்போவதில்லை. ஆகவே இரண்டு ஏக்கர் உள்ள அங்கத்தினர் முதல் வருஷத்தில் அரை ஏக்கர் மட்டும் நட்டு, அக்கன்றுகள் இரண்டு கோடையைத் தாண்டிய பின் மேலும் நடுதல் உத்தமம். சங்கமும் முழுத் தொகையையும் கன்று வாங்குவதற்கே கொடுத்துவிடாமல், வரப்புக்கும் குட்டைக்கும் முதலில், குழிக்கும் எருவுக்கும் பின்னர், கன்றுக்கு இறுதியில் எனத் தவணையாக வழங்கலாம். வரப்பும் குட்டையும் இல்லாத நிலத்திற்குக் கன்றுக் கடன் கொடுத்தல் அங்கத்தினருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. தவணை கட்டும் காலத்தையும் காய்ப்புக் காலத்தோடு பொருத்தி வைக்க வேண்டும்.

ஒருவர் தோட்டத்துப் பழத்திற்குப் பிழிபொறி வாங்குதல் கட்டுப்படியாகாது. முப்பது பேர் பழத்திற்கு வாங்குதல் ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினரின் பாலைப் பால்கோவாவாக்கி விற்பதையும், அப்பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றதையும் இந்த ஜில்லாவினர் அறிவர். நாளைக்கு நில்லாத பாலைச் சில நாள் நிற்கும் பண்டமாக மாற்றியதே அங்கு நடந்த காரியம். நெல்லியிலும் அதுவே நடக்க வேண்டும். ஆனால் பொறி வாங்குவதற்கு முன், எத்தனை மரம், எந்த மாதம், எவ்வளவு பழம் என்னும் பதிவு சங்கத்தில் இருத்தல் அவசியம். முதல் இரண்டு வருஷம் சிறு அளவில் கையால் பிழிந்து, 100 கிலோ பழத்திற்கு எவ்வளவு சாறு கிடைத்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு கெட்டது என்று எழுதி வைத்த சங்கமே பொறிக்குக் கடன் கேட்கும் தகுதியுடையது.

மூத்தோர் சொல்லும் முதுநெல்லியும் முன்னர்க் கசந்து பின்னர் இனிக்கும் என்பது பழமொழி. நெல்லித் தோட்டத்திற்கு அது நான்கு வருஷக் கசப்பு. அக்கசப்பைத் தாங்கும் வலிமை கன்றில் இல்லை. கன்றின் அடியிலுள்ள மண்ணில் இருக்கிறது.

கூட்டத்தில் விசாரிக்க வேண்டிய வினாக்கள்

(1) நம் கிராமத்தில் தரிசாகவும் சீமைக்கருவேலமாகவும் கிடக்கும் செவல் நிலம் எவ்வளவு? அதில் தண்ணீர் வடிவது எத்திசை?

(2) சென்ற அறுவடையில் எவ்வளவு தட்டையும் சருகும் கொளுத்தப்பட்டன? அவை எத்தனை மரத்தின் அடியை மூடியிருக்கும்?

(3) பூசாவில் புல்லால் இளமரம் மெலிந்ததற்குக் காரணம் யாது? நம் நிலத்தில் தழைப்பயிரை எந்த மாதத்தில் அறுக்க வேண்டும்?

(4) பட்டாசு ஆலைக்கு அண்டை நிலமுடைய அங்கத்தினர் யாவர்? அவர்கள் எல்லையில் தீ பரவாத பாதை செதுக்கப்பட்டுள்ளதா?

(5) அரை ஏக்கரில் தொடங்க முன்வருவோர் யாவர்? அவர்களின் கன்றுகளை முதல் இரண்டு கோடையில் பார்வையிட்டுச் சங்கப் புத்தகத்தில் பதிய யாரை நியமிப்பது?